நிறத்திற்கு அளவுகோல் தந்த செவ்ரல்

நிறத்தை விரும்பாதார் உலகில் எவரும் இலர். காலைக் கதிரவனின் செம்மையும், ஆழ்கடலின் நீலமும், நெல்வயலின் பசுமையும் காண்போர் கண்ணைக் கவர்கின்றன. ஆயினும், ஒரு நிறத்தைக் கண்டு மகிழ்வது எளிது. அதனைத் தொலைவில் உள்ள மற்றொருவருக்குப் பிழையின்றி உணர்த்துவது அரிது. நீளத்தை அளக்கக் கோல் உண்டு. எடையை அறியத் துலாக்கோல் உண்டு. நிறத்தை அளந்து கூற யாது உண்டு? கிளிப்பச்சை, மாந்தளிர் நிறம், மயிற்கழுத்து நிறம் என உவமை காட்டி நிறங்களுக்குப் பெயரிடுதல் மக்கள் வழக்கம். ஆனால் இருவர் மனத்தில் தோன்றும் மாந்தளிர் ஒன்றாக இருப்பதில்லை. ஒருவர் இளந்தளிரின் செம்மையை எண்ணுவார். மற்றொருவர் சற்றே முதிர்ந்த தளிரின் பழுப்பை எண்ணுவார். இவ்வேறுபாட்டால் சாயம் இடுவோர்க்கும் நெய்வோர்க்கும், விற்போர்க்கும் வாங்குவோர்க்கும் இடையே பூசல் விளைவதுண்டு.

இக்குறையைப் போக்க முற்பட்டோருள் முன்னணியில் நின்றவர், பிரெஞ்சு நாட்டு வேதியியல் அறிஞராகிய மிசேல் யூழேன் செவ்ரல். நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த அப்பெருமகனார், நிறங்களுக்கு ஓர் ஒழுங்கும் எண்ணும் வகுத்துத் தந்தார். அதனினும் மேலாக, நிறத்தை அளக்கப் புகுவோர் முதலில் தம் கண்ணையே ஆராய்ந்து அறிதல் வேண்டும் என்னும் உண்மையை உலகிற்கு உணர்த்தினார்.

இளமையும் கல்வியும்

பிரான்சு நாட்டின் மேற்குப் பகுதியில் ஆன்ழே என்னும் நகரம் உள்ளது. அந்நகரில் 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் செவ்ரல் பிறந்தார். அவர் தந்தையார் பெயர் பெற்ற மருத்துவர். செவ்ரல் மூன்று வயது நிரம்பாத சிறுவராய் இருந்தபொழுது பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. நாடெங்கும் கொந்தளிப்பு நிலவிய அக்காலத்திலும் அவருடைய கல்வி தடைப்படவில்லை. பிறந்த ஊரிலேயே அவர் மொழிகளையும் அறிவியலையும் கற்றுத் தேர்ந்தார்.

1803-ஆம் ஆண்டில், தம் பதினேழாம் வயதில், அவர் பாரிஸ் மாநகர் சென்றார். அங்கே வோக்லான் என்னும் வேதியியல் பேராசிரியர் புகழுடன் விளங்கினார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் செவ்ரல் மாணவராய்ச் சேர்ந்தார். எடுத்த செயலை முடிக்கும் வரையில் சோர்வடையாத இயல்பும், எதனையும் அளந்தும் நிறுத்தும் பார்த்தே ஒப்புக்கொள்ளும் பழக்கமும் அவரிடம் இளமையிலேயே வேரூன்றின. 1810-ஆம் ஆண்டில் பாரிஸ் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையில் அவருக்குத் துணைப்பணி ஒன்று கிடைத்தது. அக்காட்சிச்சாலையோடு அவர் கொண்ட தொடர்பு இறுதிவரை நீடித்தது.

கொழுப்பும் மெழுகுவத்தியும்

செவ்ரலின் முதற்புகழ் நிறத்தால் வந்ததன்று, கொழுப்பால் வந்தது. விலங்குக் கொழுப்பைக் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் சோப்பு உண்டாகும் என்பதை மக்கள் பன்னெடுங் காலமாக அறிந்திருந்தனர். ஆனால் அப்பொழுது கொழுப்பிற்குள் நிகழும் மாற்றம் யாது என்பதை எவரும் தெளிவாக அறிந்திலர். செவ்ரல் 1811-ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் இதனை ஆராய்ந்தார். கொழுப்பு என்பது கிளிசரினும் சில அமிலங்களும் கூடிய பொருள் என்று நிறுவினார். அவ்வமிலங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்துப் பெயரும் இட்டார். இவ்வாய்வின் முடிவுகளை 1823-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நீரிழிவு நோயாளரின் சிறுநீரில் உள்ள சர்க்கரையும் திராட்சைச் சர்க்கரையும் ஒன்றே என்பதையும் அவர் 1815-ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார்.

அக்காலத்தில் ஏழை மக்கள் வீடுகளில் எரிந்த கொழுப்பு மெழுகுவத்திகள் புகை கக்கின. தீய நாற்றம் வீசின. எளிதில் உருகி வழிந்தன. செவ்ரல் பிரித்தெடுத்த ஸ்டீரிக் அமிலமோ உறுதியாக இருந்தது; ஒளிவிட்டு எரிந்தது. 1825-ஆம் ஆண்டில் அவர் கே-லூசாக் என்னும் அறிஞருடன் சேர்ந்து, இவ்வமிலத்தைக் கொண்டு மெழுகுவத்தி செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். அதனால் அவ்விருவரும் பெருஞ்செல்வம் ஈட்டினர் அல்லர். பின்வந்தோரே அம்முறையைச் செப்பனிட்டு வெற்றி கண்டனர். எனினும், இல்லந்தோறும் தூய ஒளி பரவுவதற்கு வழிகோலிய பெருமை செவ்ரலையே சாரும்.

கோப்லான் நெசவுச்சாலை

பாரிஸ் நகரில் கோப்லான் என்னும் பெயருடைய நெசவுச்சாலை ஒன்று உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் கோப்லான் குடும்பத்தார் அங்கே சாயச்சாலை நடத்தினர். 1662-ஆம் ஆண்டில், பதினான்காம் லூயி மன்னரின் காலத்தில், அது அரசின் உடைமையாயிற்று. அரண்மனைச் சுவர்களை அணிசெய்யும் ஓவியத் திரைச்சீலைகள் அங்கு நெய்யப்பட்டன. தூரிகையால் தீட்டிய ஓவியத்தைச் சாயநூலால் அப்படியே நெய்து காட்டும் அருங்கலை அது. நெசவாளர் பாவின் பின்புறம் அமர்ந்து நெய்வார். முன்புறத் தோற்றத்தைக் கண்ணாடியில் பார்த்துத் திருத்துவார். முகத்தின் ஒளியையும் ஆடையின் மடிப்பையும் காட்டுவதற்கு ஒரே நிறத்தில் பல படியான நூல்கள் வேண்டும். ஆதலால், சாயம் சிறிது பிழைப்பினும் திரைச்சீலையின் அழகு முழுவதும் கெடும்.

1824-ஆம் ஆண்டில் அரசு இச்சாலையின் சாயப்பிரிவிற்குச் செவ்ரலைத் தலைவராக அமர்த்தியது. அவர் பொறுப்பேற்றபொழுது சாயப்பிரிவின்மீது பல முறையீடுகள் இருந்தன. வெளிர்நீலம், ஊதா, சாம்பல், பழுப்பு ஆகிய நிறங்கள் விரைவில் வெளுத்துவிடுகின்றன என்பது ஒன்று. நீல ஆடைகளிலும் ஊதா ஆடைகளிலும் நிழலைக் காட்டப் பயன்படும் கறுப்பு நூலில் அடர்த்தி இல்லை என்பது மற்றொன்று.

கறுப்பின்மீது வந்த பழி

தலைமை ஏற்ற ஒருவர் இத்தகைய முறையீட்டைக் கேட்டால் இரண்டில் ஒன்றைச் செய்தல் கூடும். சாயத் தொழிலாளரைக் கடிந்து தண்டிக்கலாம். அன்றேல், முறையிட்டோரைப் பொருட்படுத்தாது இருந்துவிடலாம். செவ்ரல் இவ்விரண்டனையும் செய்தாரல்லர். முறையீடுகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்தார். வெளிர்நீலமும் ஊதாவும் வெளுக்கின்றன என்ற குறை உண்மையே எனக் கண்டு அதனை ஒப்புக்கொண்டார். ஒளி, காற்று, ஈரம் ஆகியவை சாயத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை அறியச் சாயமிட்ட பருத்தி, பட்டு, கம்பளி நூல்களை வெயிலிலும், ஈரக் காற்றிலும், காற்றில்லாக் கலங்களிலும் வைத்து நெடுங்காலம் சோதித்தார்.

ஆனால் கறுப்பைப் பற்றிய குறை வேறு வகையாக முடிந்தது. பிரான்சிலும் அயல்நாடுகளிலும் பெயர் பெற்ற சாயச்சாலைகளிலிருந்து கறுப்புக் கம்பளி நூல்களை அவர் வருவித்தார். அவற்றைக் கோப்லான் நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கோப்லான் கறுப்பு எவ்வகையிலும் அவற்றிற்குத் தாழ்ந்ததன்று என்பது வெளிப்பட்டது. அங்ஙனமாயின், திரைச்சீலையில் மட்டும் அக்கறுப்பு ஏன் மங்கித் தோன்ற வேண்டும்?

செவ்ரல் சிந்தனையில் ஆழ்ந்தார். நூல் ஒன்றே, அதன் சாயமும் ஒன்றே, மாறியது அதன் அண்டை நிறம் மட்டுமே. நீலத்தின் அருகிலும் ஊதாவின் அருகிலும் இருக்கும்பொழுதே கறுப்பு தன் அடர்த்தியை இழந்து காணப்படுகின்றது. எனவே குறை சாயத்தொட்டியில் இல்லை. காண்போர் கண்ணில் நிகழும் ஒரு மாற்றமே இதற்குக் காரணம் என அவர் தெளிந்தார். வேதியியலில் விடை தேடிய அவருக்கு, விடை பார்வையின் இயல்பில் கிடைத்தது.

அண்டை நிறங்களின் விதி

இவ்வுண்மையை உறுதிசெய்ய அவர் செய்த சோதனைகள் மிக எளியவை. சாம்பல் நிறத்தில் வெளிர்ந்த தாள் கீற்றுகள் இரண்டும், அடர்ந்த கீற்றுகள் இரண்டும் எடுத்துக்கொண்டார். வெளிர்ந்தது ஒன்றையும் அடர்ந்தது ஒன்றையும் நடுவில் ஒட்டி வைத்தார். எஞ்சிய இரண்டனையும் இருபுறமும் சற்று விலக்கி வைத்தார். நடுவில் இருந்த வெளிர்ந்த கீற்று, தன் இணையைக் காட்டிலும் வெளிறித் தோன்றியது. அடர்ந்த கீற்று, தன் இணையைக் காட்டிலும் இருண்டு தோன்றியது. கீற்றுகளைப் பிரித்து வைத்தவுடன் அவ்வேறுபாடு மறைந்தது.

நிறங்களிலும் இவ்வாறே நிகழ்வதை அவர் கண்டார். இரு நிறங்கள் அடுத்தடுத்து இருக்கும்பொழுது, அவை எவ்வளவு வேறுபட்டுத் தோன்ற இயலுமோ அவ்வளவு வேறுபட்டுக் கண்ணுக்குத் தோன்றும். ஒவ்வொரு நிறமும் தன் நிரப்பு நிறத்தின் சாயலை அண்டை நிறத்தின்மீது படரவிடும். சிவப்பின் அருகே உள்ள கறுப்பில் பச்சைச் சாயல் தோன்றும். நீலத்தின் அருகே உள்ள கறுப்பில் செம்மஞ்சட் சாயல் தோன்றும். ஊதாவின் அருகே உள்ள கறுப்பில் பசுமஞ்சட் சாயல் தோன்றும். கோப்லான் கறுப்பு மங்கியதன் காரணம் இதுவே.

1828-ஆம் ஆண்டில் அவர் இதனை அறிவியற் கழகத்தின் முன் எடுத்துரைத்தார். 1839-ஆம் ஆண்டில் இவ்விதியை விளக்கும் பெருநூல், வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. 1854-ஆம் ஆண்டில் அந்நூல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது.

வணிகர் வழக்குத் தீர்ந்த வகை

இவ்விதியால் ஒரு வழக்கும் தீர்ந்தது. துணி வணிகர் சிலர் சிவப்பு, ஊதா, நீலம் ஆகிய துணிகளைக் கொடுத்து, அவற்றின்மீது கறுப்புப் பூவேலை அச்சிடுமாறு கூறினர். அச்சிட்ட துணிகள் திரும்பி வந்தபொழுது அவர்கள் சினங்கொண்டனர். சிவப்புத் துணியில் பச்சைப் பூவும், ஊதாத் துணியில் பசுமஞ்சட் பூவும், நீலத் துணியில் செம்பு நிறப் பூவும் அச்சிடப்பட்டுள்ளன என்று குற்றஞ் சாட்டினர்.

செவ்ரல் வெள்ளைத் தாளில் பூவின் வடிவத்தை வெட்டி எடுத்து, அத்துளையுள்ள தாளைத் துணியின்மீது வைத்தார். சுற்றியுள்ள நிறம் மறைந்தது. பூ மட்டும் தெரிந்தது. அது கறுப்பாகவே இருந்தது. பின்னர் ஐயத்திற்கு இடமில்லாத கறுப்புத் துணித் துண்டுகளை அந்நிறத் துணிகளின்மீது வைத்துக் காட்டினார். அவையும் அச்சிட்ட பூக்களைப் போலவே நிறம் மாறித் தோன்றின. இவ்வாறு ஒரு துண்டுத் தாளால், அச்சிட்டோர்மேல் வந்த பழி நீங்கியது. உண்மையை ஆராயாது ஒருவரைக் குற்றவாளி ஆக்குதல் எவ்வளவு எளிது என்பதையும், ஆராய்ந்து அவரைக் காத்தல் எவ்வளவு இன்றியமையாதது என்பதையும் இந்நிகழ்ச்சி விளக்குகின்றது.

மற்றொன்றும் அவர் கண்டு கூறினார். ஒரே சிவப்புத் துணியின் பதினான்கு சுருள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒருவருக்குக் காட்டினால், இறுதியில் காணும் ஆறேழு சுருள்கள் முன்னவற்றினும் பொலிவு குன்றியவை என்று அவர் எண்ணுவார். துணியில் மாற்றமில்லை, கண் களைத்துவிடுகின்றது. இடையே பச்சைத் துணியைக் காட்டினால் கண் தன் நிலையை மீண்டும் அடையும். நிறத்தை ஒப்பிட்டுத் தேர்வோர் கண்ணுக்கு ஓய்வு தருதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படுகின்றது.

தம்மையே சோதித்தவர்

பிறர் கண்ணை ஆராய்ந்த செவ்ரல், தம்மையும் ஆராயத் தயங்கவில்லை. நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டினைச் சில பொருள்களுக்கு மேலே பிடித்தால், அது மறைந்த ஆற்றலால் தானே ஆடும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் பரவியிருந்தது. செவ்ரல் பாதரசத்தின் மேலே அதனைப் பிடித்தபொழுது அவர் கையிலும் அது ஆடியது. வேறொருவராயின் அதனை மெய்யென்று நம்பியிருப்பர். அவரோ, தம் கண்களைக் கட்டிக்கொண்டு மீண்டும் சோதித்தார். பாதரசத்தின்மீது கண்ணாடித் தகட்டை வைத்தாலும் எடுத்தாலும் குண்டு வேறுபாடு காட்டவில்லை. ஆடும் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்த தம் கையே, தாம் அறியாமல் அதனை ஆட்டியது என்று அவர் முடிவு செய்தார். இதனை 1833-ஆம் ஆண்டில் ஆம்பியர் என்னும் இயற்பியல் அறிஞருக்கு எழுதிய கடிதத்தின் வாயிலாக வெளியிட்டார்.

வண்ண வட்டம்

நிறத்தின் தோற்றம் சூழலால் மாறுமாயின், நிறத்தைக் குறிக்க நிலையான ஒப்புப்பொருள் ஒன்று வேண்டும் என்பது தெளிவு. இன்ன நிறம் வேண்டும் என்று நெசவாளர் கேட்டால், சாயத் தொழிலாளர் அதனையே ஐயமின்றித் தருதல் வேண்டும். இந்நோக்கத்தோடு செவ்ரல் வண்ண வட்டத்தை அமைத்தார்.

வட்டத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றனையும் ஒத்த இடைவெளியில் வைத்தார். அவற்றின் இடையே செம்மஞ்சள், பச்சை, ஊதா ஆகியவற்றை வைத்தார். இவ்வாறனுக்கும் இடையே மேலும் ஆறு கலப்பு நிறங்களை அமைக்க, நிறங்கள் பன்னிரண்டு ஆயின. பன்னிரண்டின் பகுதி ஒவ்வொன்றையும் ஆறாகப் பிரிக்க, 72 நிறங்கள் கிடைத்தன. ஒவ்வொரு நிறத்தையும் வெண்மைக்கும் கருமைக்கும் இடையே 20 படிகளாக வகுத்தார். பின்னர், பத்தில் ஒரு பங்கு முதல் ஒன்பது பங்கு வரையில் கறுப்புக் கலந்த ஒன்பது வட்டங்களையும் சேர்த்தார். வட்டங்கள் பத்து, நிறங்கள் 72, படிகள் 20, ஆக 14,400 வண்ணங்கள். இவற்றோடு தனிச் சாம்பல் நிறத்தின் 20 படிகளும் இருந்தன.

இம்முறையில் உவமைப் பெயருக்கு இடமில்லை. மூன்றாம் சிவப்பு, பத்தாம் படி, கறுப்பு பத்தில் இரண்டு பங்கு என்று எழுதினால் போதும். அக்குறிப்பைப் படிப்பவர் வண்ண வட்டத்தில் உரிய இடத்தைக் கண்டுகொள்வார். 72 நிறங்களும் கோப்லான் சாலையில் சாயமிட்ட கம்பளி நூலாலேயே செய்யப்பட்டன. நெய்தற்கு நூல் வேண்டியவருக்கு நூலே மாதிரியாக இருந்தமை இங்குக் கருதத்தக்கது. மேலும், நூலின் சாயம் காலத்தால் மாறக்கூடும் என்பதை உணர்ந்த அவர், தம் நிறங்களைக் கதிரவன் ஒளியின் நிறமாலையில் காணப்படும் கருங்கோடுகளோடு தொடர்புபடுத்தினார். மாறும் பொருளை மாறாத பொருளால் நிலைநிறுத்த முயன்ற அறிவு போற்றத்தக்கது. 1861-ஆம் ஆண்டில் நிறங்களை வரையறுத்துப் பெயரிடும் முறையை விளக்கும் நூலை வெளியிட்டார். மலர்கள், கனிமங்கள் முதலிய பலவற்றின் நிறங்களையும் இவ்வட்டத்தின் துணைகொண்டு குறித்தார்.

நிறைவாழ்வு

செவ்ரலின் முதுமையும் உழைப்பிலேயே கழிந்தது. 1864-ஆம் ஆண்டு முதல் 1879-ஆம் ஆண்டு வரையில் அவர் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையின் தலைவராக விளங்கினார். இக்காலத்தில் பிரஷியப் படை பாரிஸ் நகரை முற்றுகையிட்டது. 1871-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எறிகுண்டுகள் காட்சிச்சாலைத் தோட்டத்திலும் விழுந்தன. செடிகளைக் காத்த கண்ணாடி மனைகள் சிதைந்தன. எண்பத்து நான்கு வயது நிரம்பிய செவ்ரல் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. அறிவுச் செல்வத்தை அழிக்கும் அச்செயலைக் கண்டித்து அறிவியற் கழகத்தில் தம் எதிர்ப்பைப் பதிவு செய்தார்.

1886-ஆம் ஆண்டில் அவருடைய நூறாம் பிறந்த நாளைப் பிரெஞ்சு மக்கள் பெருவிழாவாகக் கொண்டாடினர். தீவட்டி ஊர்வலம் நடந்தது; அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. அவ்வாண்டில் நாடார் என்னும் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் அவருடன் உரையாட, நாடாரின் மகன் அவ்வுரையாடலைத் தொடர்ந்து படம் எடுத்தார். படங்களோடு கூடிய பேட்டிகளுள் அதுவே முதலாவது எனப்படுகின்றது. இத்தகைய சிறப்புகளுக்கு இடையேயும் தம்மைப் பிரான்சின் மூத்த மாணவர் என்று கூறிக்கொள்வதிலேயே அவர் மகிழ்ந்தார்.

பாரிஸ் நகரில் ஈபெல் கோபுரம் எழுந்தபொழுது அதன்மீது பிரெஞ்சு அறிஞர் 72 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அவ்வறிஞருள் அப்பொழுது உயிரோடிருந்த மிகச் சிலருள் செவ்ரலும் ஒருவர். கோபுரம் எழுந்து முடிந்த சின்னாட்களில், 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், தம் 102-ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

பின்வந்தோர் பெற்ற பயன்

செவ்ரலின் நூல் சாயச்சாலையோடு நின்றுவிடவில்லை. சோரா, சின்யாக் முதலிய ஓவியர்கள் அவர் கண்ட விதியைக் கற்றனர்; தூய நிறப் புள்ளிகளை அடுத்தடுத்து வைத்து ஓவியம் தீட்டும் புதுமுறையைப் படைத்தனர்.

அவர் அமைத்த வட்டத்தில் குறையும் உண்டு. அதன் படிகள் கணக்கில் ஒத்திருப்பினும், கண்ணுக்கு ஒத்த இடைவெளியாகத் தோன்றவில்லை. அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் ஓவிய ஆசிரியராக இருந்த மன்செல் என்பவர், கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் படிகளைக் கொண்ட முறையொன்றை வகுத்து 1905-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மண்ணின் நிறத்தைக் குறிக்க மண்ணியலார் மன்செல் முறையையே இன்றும் கையாளுகின்றனர். 1927-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் 40 நிறங்களோடு ரால் என்னும் தொகுப்பு தோன்றியது. அது வண்ணப்பூச்சுகளுக்கு ஏற்றது. 1931-ஆம் ஆண்டில் உலக நாடுகளின் ஒளியியல் ஆணையம் நிறத்தை எண்களால் அளக்கும் முறையை நிறுவியது. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அச்சு மையின் கலவைகளை எண்ணிட்டுக் காட்டும் பான்டோன் வண்ண ஏடு வெளிவந்தது.

இங்ஙனம் வழிகாட்டிகள் பலவாக இருத்தலின், வடிவமைப்புத் தொழில் செய்வோர் தம் பணிக்கு உரியதைத் தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். அவ்வாறு தேர்வதற்குச் செவ்ரலின் வாழ்க்கையே சிறந்த விளக்கமாகும். அவர் நெசவாளருக்கு நூலாலேயே மாதிரி செய்தார். அதுபோலவே, அச்சிடுவோர் தாளில் மையிட்ட மாதிரியையும், துணி நெய்விப்போர் சாயமிட்ட துணி மாதிரியையும், சுவருக்கு வண்ணம் பூசுவோர் பூச்சு மாதிரியையும் கொள்ளுதல் நன்று. தாளிலும் பளபளப்பான தாள், பளபளப்பற்ற தாள் என்னும் வேறுபாடு உண்டு. ஒரே மை இரண்டிலும் ஒன்றாகத் தோன்றாது. கணினித் திரை ஒளியால் நிறம் காட்டுவது. மையோ ஒளியின் ஒரு பகுதியை உட்கொண்டு நிறம் காட்டுவது. ஆதலால், திரையில் கண்டதையே முடிவாகக் கொண்டு அச்சிடக் கட்டளையிடுதல் ஏமாற்றத்தில் முடியும்.

செவ்ரல் சாயத்தை வெயிலில் வைத்துச் சோதித்தார். வண்ண ஏடுகளும் ஒளியாலும் கைபடுவதாலும் நாளடைவில் மங்கும். அவற்றை மூடி வைத்துப் பாதுகாப்பதும், மங்கியபின் புதியதை வாங்குவதும் கடமையாகும். விளக்கொளியில் ஒத்துத் தோன்றும் இரு சாயங்கள் பகலொளியில் வேறுபடுதல் கூடும். எனவே இருவரும் ஒரே வகை ஒளியில் காணுதல் வேண்டும். செவ்ரல் வெள்ளைத் தாளால் அண்டை நிறத்தை மறைத்துக் கறுப்பை அறிந்தார். ஒரு நிறம் சரியானதா என்று அறிய அதனைத் தனியே பார்த்தல் வேண்டும். அது அழகாக அமையுமா என்று அறிய அதன் அண்டை நிறங்களோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். இவ்விரண்டையும் செய்யாதவருக்கு எத்துணைச் சிறந்த வண்ண ஏடும் பயன் தராது.

கோப்லான் சாலையின் சாயத் தொழிலாளர்கள் செய்யாத குற்றத்திற்குப் பழி சுமந்து நின்றனர். தலைவராக வந்த அறிஞர் சினத்தை விலக்கி, உண்மையைத் தேடினார். அத்தேடலின் விளைவாகத் தொழிலாளரின் நற்பெயர் காக்கப்பட்டது. உலகிற்குப் புதிய அறிவும் கிடைத்தது. கண்ணால் கண்டதும் பொய்யாகலாம். தீர ஆராய்ந்து தெளிவதே மெய் என்பதை நிறங்களின் வாயிலாக நிலைநாட்டிய செவ்ரலின் புகழ், நிறங்கள் உள்ளளவும் நின்று நிலவும்.